அழக் கூடாத சுவர்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்த பிறகு மஹ்ரூப் ஹாஜியார் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு பாதிக் கண்டியும் தான் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டது.

வீட்டுக்காரர் மஹ்ரூப். அவருடைய மனைவி ஹிதாயா. மூத்த மகள் ஷஹ்மா, கட்டடக் கலைஞர். இளைய மகள் ரிப்கா, கலியாணப் பெண். அவள் ஹோலுக்குள் அல்ல, உள்ளறைத் திரைக்குப் பின்னால். மாத்தளையிலிருந்து வந்த சம்பந்தி மக்கீன் ஹாஜியார், அவர் மனைவி கைரியா. கடுகண்ணாவை றெஜினோல்ட் மாஸ்டரும் அவர் மனைவி மதலேனாவும். இந்த இருவரும் அழைத்து வந்தவர்கள் அல்லர். ஆனால் வந்தவரை வாசலில் நிறுத்தும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் என்றும் இருந்ததில்லை. பிறகு மஹ்ரூபின் மூத்த சகோதரி அபீபா. ஓய்வுபெற்ற அதிபர். கை வைத்த கதிரையில், முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை தாஸிம் வரவில்லை. அவர் வந்தார், கண் கலங்கினார் என்பதெல்லாம் கட்டுக்கதை.

வந்த காரியம் சுவர்.

ரிப்காவுக்குக் கொடுப்பதற்காக மஹய்யாவ மேட்டில், பெரிய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். வீட்டை வரைந்தவள் ஷஹ்மா. போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்று வாயாரச் சொல்லிப் போனார்கள். இந்தத் திங்கட்கிழமை இரவு மழையில், வீட்டுக்குப் பின்னால் மலை மண்ணைத் தாங்கி நின்ற கல் அணைச் சுவர் நடுவில் உடைந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. குசினி வரை சேறு வந்தது. பேச்சு அதைவிட வேகமாகப் போனது.

"கோவிக்க வாணாம் மதினி," என்றார் கைரியா, ஹிதாயாவைப் பார்த்து. "சுவர் விழுந்தாத் திருப்பிக் கட்டலாம். எங்கட மகன் அந்த வீட்டுக்குள்ளதானே தூங்கப் போறான்? அதுதான் பயம்."

மக்கீன் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குத் தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தர் ஈக்கிறார். மிச்ச வேலய அவர் பாக்கட்டும். ஷஹ்மா மகள் நல்லாப் படிச்ச புள்ள, நான் இல்லண்டு செல்லல்ல. அனுபவம் பத்தா. அங்க மாட்டி ஈக்கிற அவட பேர்ப் பலகையையும் கழட்டிட்டா, கேக்கிறவங்களுக்கு நாங்களும் ஒரு பதில் செல்லலாம்."

"கழட்டுவோம் ஹாஜியார். இன்டைக்கே கழட்டுவோம்," என்றார் மஹ்ரூப்.

அபீபா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பலகையை மாட்டிய நாளில் தன் ஹார்ட்வெயார் கடையைச் சாத்திவிட்டுப் போய், அதன் கீழே நின்று படம் எடுத்து, கட்டாரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியவர் இதே மஹ்ரூப்தான். ‘என்ட மகள்’ என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியும் இருந்தார்.

ஷஹ்மா இப்போது தலை நிமிர்ந்தாள்.

"வாப்பா, நான் சுவருக்குள்ள வெச்ச பைப் எல்லாம்..."

"மண்ணோட பெய்த்தீக்கும் மகள். என்னத்தத் தேடிய இப்ப?"

கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. கடையில் ஓர் ஆணியின் விலையைக் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிற மனிதர் மஹ்ரூப். அபீபாவின் மனதில் ஏதோ ஒன்று நெருடியது.

றெஜினோல்ட் மாஸ்டர் மெல்லப் பேசினார். அபீபாவோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். இன்றும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நானும் இதே விஷயமாத்தான் வந்தேன் டீச்சர். என் வீட்டைக் கட்டுனது இந்தப் புள்ளதான். மலையை ஒரு பிடி வெட்டல. வீட்டத்தான் படி படியா இறக்குனா. கடுகண்ணாவை மழை உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டு உள்ள வரல. எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா புசல்லாவையில தோட்டத்துப் புள்ளைங்களுக்கு வாசிப்பு மண்டபம் கட்டப் போறோமே, அந்த மாதா கோயில் கமிட்டிக்கு இந்தப் பேச்சு போயிருச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டம். வேற ஆள் பார்ப்போங்கிறாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மஹ்ரூபும் மக்கீன் ஹாஜியாரும் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்கள். மாஸ்டருக்கும் மதலேனாவுக்கும் தேத்தண்ணி வந்தது.

அபீபா தொழுதுவிட்டுக் குடையை எடுத்தார்.

"ஷஹ்மா, வா. நான் அந்தச் சுவரப் பாக்கணும்."

ஷஹ்மா போன மாதம் முழுக்க வேறு வேலையாக வெளியூரில் அலைந்தாள்; சுவர் விழுந்த பிறகு, மண் இன்னும் சரியும் என்று சொல்லி வாப்பா அவளை அங்கே விடவில்லை. மேட்டுப் பாதை வழுக்கியது. மருமகள் கை நீட்டினாள். "கை வாணாம். எனக்கு நடக்கத் தெரியும்," என்றார் அபீபா.

நடக்கும்போது பழைய ஓர் அறை அவர் நினைவுக்கு வந்தது. கணவர் மவுத்தாகி அவர் இத்தா இருந்த அறை. வெளியே போகாமல், வெளி ஆள் கண்ணில் படாமல் ஒரு விதவை இருக்க வேண்டிய அந்த மாதங்களில், அவருக்குக் கிடைத்த ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அப்போது ஷஹ்மா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள். தினமும் மாமிக்குத் துணைக்கு வந்து இருப்பவள், ஒருநாள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ கீறினாள். அடுத்த வாரம் மேசனைக் கூட்டி வந்து, சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, நீளமாக ஒரு திறப்பு வெட்டுவித்தாள்.

"மாமி, இதால ஆள் தெரியா. வானம் தெரியும்."

அதுதான் அவளுடைய முதல் வேலை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்ததும், கொழும்பில் பெரிய கந்தோர் ஒன்றில் கைகட்டி நின்றதும், அதை உதறிவிட்டுக் கண்டிக்கே திரும்பி வந்ததும் பிறகு நடந்தவை. முதலில் கடுகண்ணாவை வீடு. அடுத்தது ஒரு சிறிய பள்ளிவாசலுக்கு, தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடம். வுழூச் செய்த தண்ணீர் வீணாகாமல் வாழைத் தோட்டத்துக்குப் போகும்படி அமைத்தாள். மூன்றாவது, தங்கையின் வீடு. "மலைக்குள்ள தண்ணி ஈக்குது மாமி. அது வெளியில வரத்தான் பாக்கும். வர வழி விட்டா அது எங்களோட கூட்டாளி. வழிய அடைச்சா எதிரி," என்று அத்திவாரம் போட்ட அன்று சொன்னாள். அதற்காகவே அந்தக் கல் சுவரில் இடைவெளி விட்டு விட்டுச் சிறிய பைப் துண்டுகளை வைத்திருந்தாள். மழை பெய்தால் சுவர் முழுவதும் கசியும். அது கசிய வேண்டும். கசிகிற வரை அந்தச் சுவருக்குப் பாரம் இல்லை.

மேட்டில் யாகப்பர் பாஸ் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். சுவரைக் கட்டிய மேசன் அவர்தான். இருவரையும் கண்டதும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்தார்.

சுவரின் நடுப்பகுதி இல்லை. இரண்டு பக்கமும் நின்றிருந்தது. நின்ற பகுதியில், கறுத்த கற்களுக்கிடையே வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தில் சீமெந்து. பைப் வாய் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம்.

ஷஹ்மா கிட்டப் போனாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மாமியின் கையிலிருந்த குடையை வாங்கி, அதன் கம்பி முனையால் ஒரு வட்டத்தை ஓங்கிக் குத்தினாள். இரண்டாம் குத்துக்குச் சீமெந்துக் கட்டி தெறித்தது. காத்திருந்ததுபோல் செந்நிறத் தண்ணீர் பீறிட்டு வந்து அபீபாவின் சேலைக் கரையை நனைத்தது.

"யாகப்பர்," என்றார் அபீபா. பாடசாலையில் அந்தக் குரலுக்கு ஒரு மண்டபமே அடங்கும். "இத அடைச்சது யாரு?"

"நான்தாங்க அடைச்சேன் அம்மா." அவர் நிலத்தைப் பார்த்தார். "ஹாஜியார் சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்க வர்றாங்க, கலியாண வீட்டுச் சுவரு அழுதுகிட்டு நிக்கக்கூடாதுன்னாரு."

"எனக்கு ஒரு போன் கோல் எடுத்தீங்களா பாஸ்?" என்று கேட்டாள் ஷஹ்மா.

"புள்ளைக்குத் தெரியுமான்னு கேட்டேனுங்க. தெரியும், அவ சொல்லித்தான் செய்யிறோம்னாரு. பெத்த தகப்பன் சொல்றப்ப நான் அப்புறம் என்னத்தக் கேக்க? அம்மாவும் பக்கத்துலதான் நின்னாங்க. தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க."

"எந்த அம்மா?"

"உங்க அம்மாதான் புள்ள."

ஷஹ்மா குடையை மடக்கினாள். மடக்கிய குடையைத் திருப்பித் தருவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மிச்சத்தையும் தொறங்க பாஸ். இப்பவே. இல்லாட்டி இந்த ரெண்டு பக்கமும் விழும். ஒரு ஓரத்தால தொடங்குங்க, சுவருக்கு நேர கீழ நிக்க வாணாம்," என்றாள். குரல் பிசகவில்லை. பிறகு மாமியின் பக்கம் திரும்பினாள். "வாப்பா என்னட்டக் கேட்டீந்தா, மேலால ஒரு கொடியப் படர விட்டீப்பேன் மாமி. தண்ணி கொடிக்குள்ளால போகும். ஒரு கண்ணுக்கும் தெரிஞ்சீக்காது. கேக்கவே இல்லயே."

திரும்பி வரும் பாதையில் அவள் கை நீட்டவில்லை. அபீபா தானாகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மஹ்ரூப் பள்ளிவாசலிலிருந்து முன்னால் வந்துவிட்டார். மக்கீன் ஹாஜியார் பள்ளி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். அபீபா தம்பியைக் குசினிக்குள் கூப்பிட்டார். ஹிதாயா சம்பந்திகளுக்கு வட்டிலப்பம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுவர ஏன் அடைச்சாய்?"

மஹ்ரூப் தொப்பியைக் கழற்றினார். மூத்த சகோதரியை ஊர் வழக்கப்படி அவர் தாத்தா என்றுதான் அழைப்பார். அன்று அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து கெஞ்சலாக வந்தது.

"தாத்தா, கசிஞ்சி கசிஞ்சி பாசி புடிச்சி, பாக்க ஒரு மாதிரி ஈந்திச்சி. மாத்தளையில மாடி வீட்டுக்காரங்க அவங்க. பார்த்துட்டுப் போனதும் தொறக்கத்தான் ஈந்தேன்."

"தொறந்தியா?"

"நிக்காஹ் முடியட்டும் என்டு..."

"சரி. திங்கக்கிழமை சுவர் விழுந்திச்சி. ஊரெல்லாம் அவள ஏசுது. இன்டைக்கு வெள்ளி. அதுக்குள்ள ஒனக்கு வாய் தொறக்க ஏலாமப் போச்சா?"

அவர் தொப்பியை மடித்துக்கொண்டே நின்றார். ஹிதாயாதான் பேசினாள். "மதினி, ரெண்டும் நான் பெத்ததுதான். ஷஹ்மாக்குப் படிப்பு ஈக்குது. கைத்தொழில் ஈக்குது. விழுந்தாலும் எழும்பிருவா. ரிப்காக்கு என்ன ஈக்குது, செல்லுங்க? இந்தச் சம்பந்தம் கலைஞ்சா அவள யாரு பாப்பா?"

"எழும்பத் தெரிஞ்சவள் என்டா அவளத் தள்ளி விட்டீங்க?"

குசினி வாசலில் ஷஹ்மா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

"உம்மா, அந்தச் சுவருக்கு நேர கீழதான் குசினி. ரிப்கா நிக்கப் போற குசினி. அது பகல்ல விழுந்தீந்தா, அதுவும் கலியாணத்துக்குப் பொறகு விழுந்தீந்தா, யாருட பேர் கெட்டீக்கும் என்டு நான் கேக்கல்ல. ரிப்கா எங்க ஈந்தீப்பா?"

ஹிதாயா கரண்டியை வைத்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஹோலுக்குப் போய் ஒன்ட வாயால செல்லு," என்றார் அபீபா தம்பியிடம்.

"சபையில செல்லியதா? நான் செத்த மய்யத்து மாதிரித்தான் தாத்தா. ஹாஜியார் என்டிய பேர் என்ன ஆகிய? எங்கட வாப்பாட பேர்?"

"வாப்பாட பேர நீ இழுக்க வாணாம். அவர் ஒரு நாளும் தன்ட பிழைய ஒரு பொம்பளப் புள்ளட தலையில வெச்சில்ல."

குடும்ப மானம் என்றால் என்ன என்று அபீபாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் அந்த வீட்டு வாசலில் அதற்குக் காவல் நின்றவர் அவர். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் அவரைப்போல் பிடிவாதம் யாருக்கும் இல்லை. ஆனால் தகப்பனின் பொய்க்கு மகளைப் பலி கொடுத்துக் காப்பாற்றும் பொருளுக்கு மானம் என்று பெயர் இல்லை. வேறு பெயர் இருக்கிறது. அதை அவர் அந்த வீட்டில் உச்சரிக்க விரும்பவில்லை.

ஹோலில் எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். வட்டிலப்பம் வந்தது. அபீபா ஒன்றும் தொடாமல் தம்பியைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு ஓர் அவகாசம் கொடுத்தார். மஹ்ரூப் மழையைப் பற்றிப் பேசினார். மாத்தளை வீதி திருத்துவதைப் பற்றிப் பேசினார். ஏலக்காய் விலையைப் பற்றி மக்கீன் ஹாஜியாரிடம் விசாரித்தார். தட்டுகள் காலியாகின.

"மக்கீன் ஹாஜியார்," என்றார் அபீபா. "ஷஹ்மாட சுவர்ல ஒரு பிழையும் இல்ல. தண்ணி போக அவ வெச்ச வழிய எல்லாம் சீமெந்து போட்டு அடைச்சிருக்கு. நீங்க வீடு பாக்க வந்த அன்டைக்கு அது கசியக் கூடாது என்டு அடைச்சது என்ட தம்பி. அவளுக்குத் தெரியா. தெரியும் என்டு மேசனுக்குப் பொய் செல்லி அடைச்சிருக்கு. தண்ணி உள்ளயே நின்டு சுவரத் தள்ளிட்டிச்சி. நான் இப்பதான் என்ட கண்ணால பாத்துட்டு வாறேன்."

கைரியாதான் முதலில் வாய் திறந்தார். "எங்களுக்காகவா?" அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று புரியவில்லை. "யா அல்லாஹ்! எங்கட ஊட்டுப் பின்சுவர் வருஷம் முழுக்க ஒழுகுது. நாங்க அதுல பாசி வழிச்சியே அலுத்துப் பெய்த்தோம். அன்டைக்கு ஒங்கட சுவர் காஞ்சி ஈந்ததப் பார்த்து நான் பொறாமப் பட்டேனே மதினி!"

மதலேனா சிரிப்பை முந்தானையால் மறைத்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மக்கீன் ஹாஜியார் நிதானமாக எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"சுவர் விழுந்தது பெரிய விஷயமில்ல மஹ்ரூப். நான் ஒங்கட மகளப் பழி செல்லச் செல்ல, நீங்க பக்கத்தில ஈந்து ஓம் ஓம் என்டீங்க. எனக்கு அதுதான் தாங்க ஏலா. நாளைக்கு என்ட மகன் இந்த ஊட்டுக்கு வந்தா, அவனுக்கும் இதுதானே?" வாசல் வரை போய்த் திரும்பினார். "நாங்க யோசிச்சிச் செல்றோம்."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதையடுத்து உள்ளறைக் கதவும் சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது. ரிப்கா.

மஹ்ரூப் கதிரையை விட்டு எழும்பவில்லை. "கூடப் பொறந்தவ செய்யிற வேலயா இது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"கூடப் பொறந்ததாலதான் நான் சென்னேன். வேற ஒருத்தர் செல்லி நான் கேக்க வாணாம் என்டு," என்றார் அபீபா. முதுகு நிமிர்ந்தே இருந்தது. கை மட்டும் கதிரைக் கையை இறுகப் பிடித்திருந்தது.

றெஜினோல்ட் மாஸ்டர் எழுந்தார். "டீச்சர், நாங்க இப்ப புசல்லாவைக்குத்தான் போறோம். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்குப் புள்ளையே வந்து பேசட்டும். நாளைக்கு நிலத்தையும் ஒரு தடவை அளந்து பார்த்துக்கலாம்."

"என் தங்கச்சி வீடு அங்கதான் இருக்கு," என்றார் மதலேனா. "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீடு. நான் கூட இருப்பேன். பயப்படாதீங்க."

ஷஹ்மா மாமியைத்தான் பார்த்தாள். வாப்பாவைப் பார்க்கவில்லை, உம்மாவையும் பார்க்கவில்லை.

"போ," என்றார் அபீபா. "ஒன்ட பேர் ஒன்ட வாயால வரட்டும்."

வரைபடச் சுருளும், அளக்கும் டேப்பும், ஒரு சிறிய பையும். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள். வாசலில் ஹிதாயா நின்றாள். "மகள்..." என்றாள். ஷஹ்மா நின்றாள். இந்த வீட்டில் ஸலாம் சொல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. அவள் உதடு அசைந்தது. ஆனால் ஸலாம் வரவில்லை. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள்.

அந்தி மஃரிப் தொழுது முடிப்பதற்குள் அபீபாவின் தொலைபேசி அடித்தது. மாவில்மடையில் இருக்கும் ஒரு சொந்தக்காரி. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மாமி, மெய்தானா? ஷஹ்மா கட்டின சுவர் விழுந்து, அதால ரிப்காட கலியாணமும் நின்டு, வெக்கத்தில அவ ஆரோ வேற மதக்காரப் பொடியனோட வெள்ள வேன்ல ஓடிட்டாளாமே! மஹய்யாவ சந்தியில கண்டவங்க செல்லியாங்க!"

அபீபா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுவர் ஷஹ்மா கட்டினதால விழல்ல. என்ட தம்பி அடைச்சதால விழுந்திச்சி. கலியாணம் நிக்கல்ல, மாத்தளையிலிருந்து இன்னம் பதில் வரல்ல. வேன் றெஜினோல்ட் மாஸ்டர்ட. அவருக்கு எழுவது வயசு. முன் சீட்டில அவருட பொஞ்சாதி ஈந்தா. ஷஹ்மா ஓடல்ல. வேலைக்குப் பெய்த்தீக்கிறா. அனுப்பினது நான்."